மூக்கு நீண்ட கார்கள்: டெட்ராய்ட்டிலிருந்து டல்லடேகா வரை

வெள்ளி இரவு, டெட்ராய்ட் புறநகர்

அமெரிக்கா போகிறேன் என்றதும் நயாகரா பார்ப்பாயா, நியூயார்க் போவாயா என்று கேட்டவர்களிடம் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று மழுப்பிவிட்டுத்தான் வந்தேன். நான் பார்க்க வந்தது இரண்டு கார்களை. 1969 டாட்ஜ் சார்ஜர் டேடோனா ஒன்று, 1970 பிளிமத் சூப்பர்பேர்ட் இன்னொன்று. இரண்டும் கிரைஸ்லர் கம்பெனியின் தயாரிப்பு.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு கதவு வைத்த பெரிய அமெரிக்க மசில் கார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முகத்தில் ஒன்றரை அடிக்கு ஒரு கூர் மூக்கை மாட்டுங்கள். பின்னால் டிக்கிக்கு இரண்டு பக்கமும் தூண் நட்டு, அந்தத் தூண்களின் உச்சியில் குறுக்காக ஓர் அலுமினிய இறக்கையை வையுங்கள். அந்த இறக்கை ஏறக்குறைய இரண்டடி உயரத்தில் நிற்கும். நம்பர் பிளேட்டு மாட்டி, ரோட்டில் ஓட்டலாம் என்று கடையில் விற்ற கார் இது!

ஏன் விற்றார்கள் என்றால் நாஸ்கார் பந்தயத்தின் விதி அப்படி. அது ஸ்டாக் கார் பந்தயம், அதாவது கடையில் மக்கள் வாங்கும் காரைத்தான் களத்தில் இறக்கலாம். 1969இல் குறைந்தது 500 கார் செய்து விற்பனைக்கு விட்டால் போதும். டாட்ஜ் 503 டேடோனா செய்தது, அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. பந்தயக் காரை உருவாக்கிவிட்டு, அதற்கு அனுமதி வாங்குவதற்காக ஊருக்குள் 500 காரைத் தள்ளிவிட்ட கதை இது. இன்றைக்கு மில்லியன் டாலர் விலைக்குப் போகும் கார்களில் பல, அன்றைக்கு வாங்க ஆளில்லாமல் ஷோரூமில் தூசி படிந்து நின்றவை.

அலபாமாவில் இருக்கும் டல்லடேகா பந்தயக் களம் வரை என் கூட வருவது அக்கா மகன். இங்கே எலக்ட்ரிக் கார் பேட்டரியில் வேலை. பெட்ரோல் கார் என்றாலே ஒரு மாதிரி இளக்காரமாகப் பார்ப்பான். "மாமா, நீங்க சொல்ற அந்த இறக்கை வெச்ச வண்டியப் பார்க்க ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டணுமா?" என்றான். ஓட்டப் போவது நீதானே என்றேன்.

சனி இரவு, வுட்வர்ட் அவென்யூ

கால் வலி. இருந்தாலும் எழுதிவிடுகிறேன், நாளைக்கு மறந்துவிடும்.

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட்டின் வுட்வர்ட் அவென்யூவில் ட்ரீம் க்ரூஸ் நடக்கும், 1995இல் தொடங்கியது. விழா என்று சொன்னாலும் மேடை, பேச்சு ஒன்றும் கிடையாது. பழைய கார் வைத்திருப்பவர்கள் ஃபெர்ன்டேலில் இருந்து பான்டியாக் வரைக்கும் மெதுவாக ஓட்டிப் போவார்கள், மற்றவர்கள் ரோட்டோரம் மடக்கு நாற்காலி போட்டு ஐஸ்பெட்டியோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். அவ்வளவுதான். ஆனால் கூட்டம் தேர்த்திருவிழாக் கூட்டம். காற்று முழுக்கப் பெட்ரோல் வாசனை, கார்புரேட்டர் காலத்து வாசனை, இப்போதைய வண்டிகளில் வராத அந்தக் கனமான வாடை.

மஸ்டாங், கமாரோ, ஜிடிஓ எல்லாம் வரிசை வரிசையாகப் போயின. மதியம் வரை இறக்கை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ராயல் ஓக் பக்கம் ஒரு கார் பார்க்கிங்கில்தான் அது நின்றது. சூப்பர்பேர்ட், லெமன் ட்விஸ்ட் மஞ்சள். அதன் பக்கத்தில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே "ஹெமி இல்லை, 440" என்றார். நாள் முழுக்க எல்லாரும் அதையே கேட்டிருப்பார்கள் போல. ஹெமி என்பது 426 கன அங்குல பந்தய வம்ச எஞ்சின், கம்பெனி கணக்கில் 425 குதிரை சக்தி. சூப்பர்பேர்டில் 1,900க்கு மேல் செய்தாலும் ஹெமி போட்டவை 135 என்கிறார்கள். டேடோனாவில் 70. மற்றவற்றில் எல்லாம் 440 கன அங்குல எஞ்சின்.

போட்டோவில் பார்த்து வழவழப்பான வண்டி என்று நினைத்திருந்தேன். கிட்டப் போனால் வேறு கதை. மூக்கும் பானெட்டும் சேரும் கோட்டில் இடது பக்கம் ஒரு விரல் நுழையும், வலது பக்கம் நகம்கூட நுழையாது. யாராவது இடித்து டிங்கரிங் செய்ததா என்று கேட்டேன். "தொழிற்சாலையிலிருந்தே இப்படித்தான்" என்று சிரித்தார். முன் மட்கார்டும் பானெட்டும் பிளிமத்தினுடையவையே அல்ல, டாட்ஜ் கொரோனெட்டினுடையவை. மூக்கை ஒட்டுவதற்கு அதுதான் வாகாக இருந்ததாம். முன் பம்பர் கிடையாது. முகப்பு விளக்குகள் மூக்குக்குள் ஒளிந்திருக்கும், எஞ்சின் வெற்றிடத்தை வைத்து மேலே எழும்பும். அவருடையதில் ஒரு கண் முந்தித் திறந்தது, மற்றது நன்றாக யோசித்துவிட்டுத் திறந்தது.

கூரை மேல் கறுப்பு வினைல் ஒட்டியிருக்கும். எல்லா சூப்பர்பேர்டிலும் உண்டு. ஆடம்பரத்துக்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள். பின்கண்ணாடியைச் சுற்றி வெட்டி ஒட்டி வெல்டிங் வைத்திருக்கிறார்கள், அந்தத் தழும்பைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்க நேரமும் இல்லை, காசும் இல்லை. வினைலைப் போட்டு மூடிவிட்டார்கள்! எனக்கு இந்த விஷயம் ரொம்பப் பிடித்துப்போனது. வாங்குபவன் கண்ணுக்காக இந்தக் காரில் செலவழித்த ஒரே இடம், பட்டி வேலையை மறைப்பதற்கு.

இறக்கையின் இரண்டு தூண்களிலும் ஹெல்மெட்டைக் கையில் பிடித்த ரோட் ரன்னர் பறவையின் படம். பிளிமத் ரோட் ரன்னர் காரிலிருந்துதான் இதைச் செய்தார்கள். பானெட்டைத் தூக்கி ஹாரனைக் காட்டினார், வெளிர் ஊதா நிறம். அக்கா மகனைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்து அமுக்கச் சொன்னார். "பீப் பீப்" என்று அந்தக் கார்ட்டூன் பறவை கத்துவது மாதிரியே. இளக்காரப் பேர்வழி நாலு தடவை அமுக்கினான்.

பழைய கதை ஒன்றும் சொன்னார். இந்த வண்டிகள் விற்காமல் 1971, 72 வரைக்கும் டீலர்களிடம் கிடந்தனவாம். சிலர் மூக்கையும் இறக்கையையும் கழற்றி எறிந்துவிட்டு, சாதாரண ரோட் ரன்னர் முகத்தை மாட்டி விற்றிருக்கிறார்கள். அன்றைக்கு விலை 4,300 டாலர் சுமார். 2022இல் ஹெமி சூப்பர்பேர்ட் ஒன்று ஏலத்தில் 16.5 லட்சம் டாலருக்குப் போனது. கழற்றி எறிந்த அந்த டீலர்களை நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு, ஹேம்ட்ராம்க்கிலிருந்து கென்டக்கி வரை

காலையில் ஹேம்ட்ராம்க் போனோம். டேடோனாவுக்கு அடிப்படையான சார்ஜர்களைச் செய்த டாட்ஜ் மெயின் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. 1980இல் மூடினார்கள், 1981இல் இடித்தார்கள். அந்த இடத்தையும் சுற்றியிருந்த வீடுகளையும் சேர்த்து எடுத்துப் போட்டி கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை கட்டியது, இப்போது அதில் எலக்ட்ரிக் வண்டிகள் செய்கிறார்கள். அக்கா மகன் முகத்தில் திருப்தி. அவன் திருப்தியைக் கெடுக்க என்னிடம் ஒன்று இருந்தது: ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடாவின் விண்ட்ஸரில் இன்றைக்கு டாட்ஜ் செய்கிற எலக்ட்ரிக் காருக்குப் பெயர் என்ன? சார்ஜர் டேடோனா. சத்தமே வராத வண்டிக்கு ஸ்பீக்கர் வைத்து உறுமல் சத்தம் போட வைத்திருக்கிறார்கள்.

பார்க்க ஒன்றுமில்லாத இடம்தான், மதில் சுவர், கம்பி வேலி, லாரிகள். பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டோம்.

அப்புறம் நாள் முழுக்க நெடுஞ்சாலை. டொலிடோ, சின்சினாட்டி, லூயிவில். ஒஹாயோ என்பது சோளக்கொல்லை, சோளக்கொல்லை, சோளக்கொல்லை. அந்த நேரத்தில் இறக்கை எதற்கு என்று அவனுக்கு விளக்கிக்கொண்டு வந்தேன், உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

1968 சார்ஜர் பார்க்க அழகன். ஆனால் முகம் உள்வாங்கியிருக்கும், காற்று போய் அந்தக் குழிக்குள் முட்டும். பின்கண்ணாடியும் இரண்டு பக்கச் சட்டங்களுக்கு நடுவே உள்ளே போயிருக்கும், காற்று அங்கே சுழன்று காரின் பின்பக்கத்தைத் தூக்கும். மணிக்கு 300 கிலோமீட்டரில் பின்சக்கரம் இலேசாகிவிட்டால் ஓட்டுபவன் கதி என்ன? முதலில் குழியை அடைத்து, கண்ணாடியை வெளியே கொண்டுவந்து சார்ஜர் 500 என்று ஒன்று விட்டார்கள். போட்டி கம்பெனி போர்டு சும்மா இருக்குமா, மூக்கைச் சரித்து டொரினோ டல்லடேகா என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 1969 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் டேடோனா களத்தில் நடந்த டேடோனா 500 பந்தயத்தில் கடைசிச் சுற்றில் லீராய் யார்ப்ரோ போர்டில் வந்து, டாட்ஜில் முன்னால் போய்க்கொண்டிருந்த சார்லி குளோட்ஸ்பாக்கைத் தாண்டி ஜெயித்தார். கிரைஸ்லருக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த ரோஷத்தில் பிறந்ததுதான் மூக்கும் இறக்கையும்.

மூக்கு காற்றைக் கிழித்து முன்பக்கத்தைத் தரையோடு அமுக்கும். அதற்குச் சமமாகப் பின்னால் அமுக்குவதற்கு இறக்கை. தூண்களுக்கும் வேலை உண்டு, கார் பக்கவாட்டில் திரும்பப் பார்த்தால் அவை சுக்கான் மாதிரி நேராக்கிவிடும். அப்படியானால் இறக்கை ஏன் அவ்வளவு உயரம்? டிக்கியைத் திறக்க வழி வேண்டும் என்பதற்காக என்று எல்லாரும் சொல்வார்கள். பாதி நிஜம். விற்கும் கார் என்றால் டிக்கி திறந்தாக வேண்டும், உண்மைதான். ஆனால் கூரையைத் தாண்டி வரும் கலங்காத காற்று அந்த உயரத்தில்தான் கிடைக்கும். இதன் காற்றுத் தடை எண் 0.28 என்றேன், எண் குறையக் குறைய வண்டி காற்றை நன்றாகக் கிழிக்கும். "0.28ஆ? அந்தக் காலத்துலயா?" என்று முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தான். கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினான்.

ராத்திரி பௌலிங் கிரீனில் தங்கல். நம்ம ஊர்ச் சாப்பாடு தேடவில்லை, சோளரொட்டியும் பன்றி இறைச்சியும் கிடைத்தது, நன்றாகவே இருந்தது.

திங்கள், ஹன்ட்ஸ்வில்

காலையில் செவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டின் அருங்காட்சியகம், அவன் ஆசைக்காக. 2014 பிப்ரவரியில் தரை உள்வாங்கி எட்டு கார்வெட்டுகள் குழிக்குள் விழுந்த இடம். நன்றாக வைத்திருக்கிறார்கள், ஆனால் என் மனசு அங்கே இல்லை.

டென்னசியைத் தாண்டி அலபாமாவுக்குள் நுழைந்ததும் ஆர்ட்மோரில் வரவேற்பு மையம். இங்கே 1979 முதல் சாட்டர்ன் 1பி ராக்கெட் ஒன்று நட்டுக்குத்தலாக நின்றது, நெடுஞ்சாலையில் தூரத்திலிருந்தே தெரியுமாம். மழையிலும் வெயிலிலும் துருப்பிடித்துப் போனதால் 2023இல் பிரித்து எடுத்துவிட்டார்கள். இப்போது வெறும் வானம். கார் பயணத்தில் ராக்கெட் எதற்கு என்றால், அந்த ராக்கெட்டின் முதல் கட்டத்தைச் செய்தது கிரைஸ்லர். ஆமாம், அதே கிரைஸ்லர்.

ஹன்ட்ஸ்வில்லின் விண்வெளி மையத்தில் ரெட்ஸ்டோன், ஜூபிடர் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. இரண்டையும் செய்தது கிரைஸ்லர்தான், மிச்சிகனில். 1961இல் ஆலன் ஷெப்பர்டை மேலே கொண்டுபோனது ரெட்ஸ்டோன். அறுபதுகளின் கடைசியில் விண்வெளி வேலை குறைய ஆரம்பித்தபோது அங்கிருந்த ஏரோடைனமிக்ஸ் ஆட்கள் சிலர் கார் பக்கம் வந்து சேர்ந்தார்கள். ஜான் பாய்ன்டர், கேரி ராம்பர்க் ஆகியோர் அப்படி ராக்கெட் வேலையிலிருந்து வந்தவர்கள். விச்சிட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் காற்றுச் சுரங்கத்தில் சிறு மாதிரிகளை வைத்து மூக்கை எவ்வளவு நீட்டலாம் என்று பார்த்தார்கள். விற்பனைப் பிரிவில் யாரையாவது கேட்டிருந்தால் இந்தக் கார் வந்திருக்கவே வந்திருக்காது.

ரெட்ஸ்டோனின் அடியில் நின்று வால் துடுப்பை நிமிர்ந்து பார்த்தேன். சனிக்கிழமை பார்த்த அந்தத் தூணுக்கும் இதற்கும் உறவு இருப்பது தெரிகிறது, அதே சரிவு, அதே முரட்டு எளிமை. வெயில் மண்டையைப் பிளந்தது. மிச்சிகனில் இருந்த காற்று இங்கே இல்லை.

செவ்வாய், டல்லடேகா

431ஆம் சாலை வழியாக கன்டர்ஸ்வில் ஏரியைத் தாண்டி வந்தோம். ஏரிக்கரை அழகு. ஆனால் டல்லடேகா பக்கம் வந்தால் பைன் மரங்களும் பெரிய பெரிய வெற்று வெளிகளும்தான். முன்னாள் விமானப்படைத் தளத்தில், நாஸ்காரை நிறுவிய பில் பிரான்ஸ் கட்டிய களம். 2.66 மைல் சுற்று, வளைவுகளில் 33 டிகிரி சரிவு.

33 டிகிரி என்பது எழுத்தில் ஒன்றும் தெரியாது. சுற்றிக் காட்டுவதற்கு வேன் விடுகிறார்கள், வளைவின் அடியில் நிறுத்தினார்கள். பக்கவாட்டில் பார்த்தால் சாலை தெரியவில்லை, சுவர்தான் தெரிகிறது. அதில் ஏறிப் பார்க்கலாமா என்று அவன் கேட்டான். ரெண்டு எட்டு வைத்ததும் கையை ஊன்றிக்கொண்டான், செருப்பு வழுக்குகிறது. இதன் மேலே 40 கார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு 300 கிலோமீட்டரில் போகும்.

இங்கே நடந்த முதல் பெரிய பந்தயமே சண்டை. 1969 செப்டம்பர் 14. டேடோனா காருக்கு அதுதான் அரங்கேற்றம். தகுதிச் சுற்றில் குளோட்ஸ்பாக் டேடோனாவில் 199.466 மைல் வேகம் காட்டினார், அதாவது மணிக்கு 321 கிலோமீட்டர். கார் தாங்கியது, டயர் தாங்கவில்லை. சில சுற்றுகளிலேயே டயர் பிய்ந்து வந்தது. ரிச்சர்ட் பெட்டி தலைமையில் ஓட்டுநர்கள் கூடி, எங்கள் உயிர் விளையாட்டா என்று கேட்டுவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பில் பிரான்ஸ் மசியவில்லை. தானே ஒரு காரில் ஏறிச் சுற்றிக் காட்டினார், முந்தைய நாள் ஓடிய சின்னக் கார்களைச் சேர்த்து ஆள் கணக்கைக் காட்டி பந்தயத்தை நடத்தியே விட்டார். அதிகம் பேருக்குத் தெரியாத ரிச்சர்ட் பிரிக்ஹவுஸ் 99ஆம் எண் டேடோனாவில் ஜெயித்தார். உயர்நிலைப் பந்தயத்தில் அவர் ஜெயித்தது அது ஒன்றுதான். என்னைக் கேட்டால் கிளம்பிப் போனவர்கள் செய்ததுதான் சரி. ஆனால் பதிவேட்டில் முதல் வெற்றி பிரிக்ஹவுஸ் பெயரில்தான் இருக்கிறது.

அதே பெட்டிதான் சூப்பர்பேர்ட் பிறந்ததற்கும் காரணம். பிளிமத்தில் ஓட்டிக்கொண்டிருந்தவர், எனக்கும் டாட்ஜ் மாதிரி காற்றைக் கிழிக்கும் கார் வேண்டும் என்று கேட்டார். கொடுக்கவில்லை. 1969க்கு போர்டுக்குப் போய்விட்டார். அவரைத் திரும்ப இழுக்க பிளிமத் மறு வருஷம் இறக்கை வைத்தது. இந்த முறை விதி மாறியிருந்தது: 500 போதாது, இரண்டு டீலருக்கு ஒரு கார் என்று கணக்கு. பிளிமத்துக்கு டீலர்கள் அதிகம். அதனால்தான் டேடோனாவைவிட நான்கு மடங்கு சூப்பர்பேர்ட் இருக்கிறது. பெட்டி திரும்பினார், ஆனால் 1970 டேடோனா 500ஐ ஜெயித்தது அவர் அணியின் இன்னொரு சூப்பர்பேர்டில் வந்த பீட் ஹேமில்டன். அந்த வருஷம் டல்லடேகாவில் நடந்த இரண்டு பந்தயங்களும் ஹேமில்டனுக்கே.

களத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தில் நீலத்தில் 88 எண் போட்ட டேடோனா. 1970 மார்ச் 24 அன்று பட்டி பேக்கர் 88இல் இங்கே 200.447 மைல் வேகத்தில் ஒரு சுற்று வந்தார். நாஸ்கார் காரில் ஒரு சுற்றில் மணிக்கு 200 மைலைத் தாண்டியது அதுதான் முதல்முறை. சாதனை செய்த வண்டி இதுவா, வேறொரு சேகரிப்பாளர் கையில் இருப்பதா என்று ஒரு சர்ச்சை உண்டு. நான் அதில் தலையிடவில்லை. முன்சக்கரத்துக்கு மேலே மட்கார்டில் பின்பக்கம் பார்த்த ஒரு மூடி இருக்கும், ரோட்டில் ஓடும் காரிலும் அது உண்டு. பந்தயக் காரில் அதற்கு அடியில் மட்கார்டு வெட்டப்பட்டிருக்கும், தாழ்த்திய காரில் டயர் உரசாமல் இருப்பதற்கு. ரோட்டுக் காரில் சும்மா ஒட்டிய மூடி.

1970 சாம்பியன் பாபி ஐசக், அவரும் டேடோனாதான், 71ஆம் எண். மறு வருஷம் செப்டம்பரில் அவர் அந்த வண்டியை யூட்டாவின் பான்வில் உப்பு மைதானத்துக்கு எடுத்துப்போய் 28 சாதனைகள் படைத்தார், உச்சம் 217.368 மைல். மணிக்கு 350 கிலோமீட்டர்! பந்தயத்தில் ஓட்ட வழியில்லாமல் போனதால்தான் உப்பில் ஓட்டினார். 1971க்கு நாஸ்கார் ஒரு விதி போட்டது. இறக்கைக் கார்களைத் தடை செய்யவில்லை, மற்றவர்கள் 7 லிட்டர் எஞ்சின் வைத்துக்கொள்ளும்போது இவர்கள் 305 கன அங்குலம், அதாவது 5 லிட்டர்தான் வைக்கலாம் என்று மட்டும் சொன்னது.

பார்க்கிங்கில் நின்று இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "அப்படியும் ஒருத்தராவது ஓட்டினாங்களா மாமா?" என்றான். ஓட்டினார்கள். டிக் புரூக்ஸ் 1971 டேடோனா 500இல் அந்தச் சின்ன எஞ்சினோடு ஒரு டேடோனாவை இறக்கினார். ஏழாவதாக வந்தார். "ரெண்டு லிட்டர் கம்மியா வெச்சுக்கிட்டு ஏழாவதா?" என்று கேட்டுவிட்டு, சாவியைக் கையில் சுற்றிக்கொண்டே, அடுத்த வருஷம் வுட்வர்ட் எந்தத் தேதியில் வருகிறது என்று போனில் பார்க்க ஆரம்பித்தான்.